மூன்றாம் ட்ராக்

மார்த்தாண்டத்தில் ஒருவன் விற்றான், ஒன்பதாயிரத்துக்கு.
நான்கு ட்ராக் லூப்பர். ஒரு திருகு கிடையாது,
அந்த இடத்தில் பற்பசை மூடியை ஒட்டியிருந்தான்.
ஆன்றோ டிரம்ஸைப் போர்வையால் மூடிவிட்டு
தோஹா போய் இரண்டு வருடம்.
வினிஸ்டன் போட்டில் ஏறினால் இருபது நாள் கழித்துத்தான் கரை,
அதற்குள் அவன் பேஸ் கிட்டார் கம்பி துருப்பிடித்துவிடும்.
ஆக, பெட்டியே என் பேண்டு.

மிதித்தால் சிவப்பு: கேட்கிறது.
மறுபடி மிதித்தால் பச்சை: சொல்கிறது.
முதல் ட்ராக்கின் நீளம்தான் எல்லாவற்றுக்கும் நீளம்.
எட்டுத் தட்டில் மூடிவிட்டால்
பிறகு வருகிறவர்கள் அந்த எட்டுக்குள்தான் குடியிருக்க வேண்டும்.
மயிரிழை முந்தி மிதித்தாலும் சுற்றுக்குச் சுற்று நொண்டும்.
முதல் வாரம் முழுக்க நொண்டினேன்.

கடலைப் பிடித்துப் போடேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.
பிடித்தேன்.
மைக்கில் அது அப்பளம் பொரிக்கிற சத்தம்.
அழித்துவிட்டேன்.

ஒன்றில், கிட்டார் பெட்டியில் விரலால் தட்டியது.
இரண்டில் தடித்த கம்பி மட்டும், வினிஸ்டனைப் போலச் சோம்பலாக.
மூன்றில், ஜன்னல் ஓரம் நின்று, வாய் திறக்காமல் ஒரு இழுப்பு.
சிவப்பு எரிந்துகொண்டிருந்தபோதே
கீழே ஜெனிற்றா எதிர்வீட்டைக் கூப்பிட்டாள்:
"பெல்சீ... வெள்ளம் வந்தாச்சு!"

கொளச்சலில் எங்கள் தெருவுக்கு
இரண்டு நாளைக்கு ஒருமுறை பைப்பில் வருவது வெள்ளம்.
குடிக்க, சோறு பொங்க.

அவள் குரல் ஏழாம் தட்டில் ஏறி எட்டில் இறங்கியது.
சுருதிகூட ஒட்டியது, சத்தியமாக.
விட்டுவிட மனம் வரவில்லை.
ராத்திரி அதன்மேல் நான்காவதையும் போட்டு ஆம்ப்பைக் கூட்டினேன்.
பெல்சி இரண்டு தடவை குடத்தோடு இறங்கி
காய்ந்த பைப்பைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனது
மறுநாள் அவள் வசவில்தான் தெரிந்தது.

கதவு தட்டப்படாமல் திறந்தது.
கிளீற்றஸ்.
தோளில் தூங்குகிற மகள். ஒரு காலில் மட்டும் செருப்பு.
"மாடியில எடம் உண்டுமா?" என்றான்.

வெள்ளம் வந்தாச்சு, என்றது பெட்டி.

ஒரு தடவை சொன்னால் அது குடிதண்ணீர்.
இருட்டில் பதினாறு தடவை சொன்னால்
இந்தத் தெருவில் அதற்கு வேறு அர்த்தம்.
அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பதினொரு வயது.
நான் தக்கலையில், சித்தி வீட்டில்,
கிறிஸ்துமஸ் கேக்கின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

நிறுத்துகிற பெடலைக் கால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள்
இன்னொரு சுற்று ஓடிவிட்டது.

அவன் விளக்கையே பார்த்தான். "இதுவா" என்றான்.
சிரித்தமாதிரிதான் இருந்தது.
மகளை என் கட்டிலில் கிடத்தி, தரையில் உட்கார்ந்து,
"குடிக்க இத்திரி வெள்ளம் தா" என்றான்.
தந்தேன். கிளாஸ் அவன் பல்லில் தட்டித் தட்டி,
எந்தத் தாளத்திலும் சேராமல்.

அவன் போன பிறகு மூன்றை அழித்தேன்.
ட்ராக்குகள் தனித்தனி, அதற்குத்தானே ஒன்பதாயிரம்.
மற்றவை மூன்றும் ஓடின, சத்தம் குறைத்து.
ஏழாம் தட்டு வரும்போதெல்லாம்
என் முதுகு தானாக நிமிர்ந்தது.

மறுநாள் கழித்து, விடியக்காலை நாலே முக்கால்.
ஜெனிற்றா கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவை.
தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை.
பெட்டியில் விளக்கு எரியவில்லை என்பது
எனக்கு மட்டும்தானே தெரியும்.
பக்கெட்டோடு இறங்கிப் போய்ப் பெல்சியின் கதவைத் தட்டினேன்.
"போலே" என்றாள் உள்ளிருந்து.

கிளீற்றஸ் வீட்டு வெளியே இரண்டு குடம் கவிழ்ந்திருந்தன.
நிமிர்த்தி, நிறைத்து,
சத்தம் வராமல் வைத்துவிட்டு வந்தேன்.